பருத்திமார் கட்டிய கால்

வண்டியிலிருந்து விழுந்தவர்கள் பெரும்பாலும் என்ன நடந்ததென்றே தெரியவில்லை என்பார்கள். எனக்குத் தெரியும். முன்சக்கரம் உளுந்தஞ்செடியின் மேல் ஏறியது. காய்ந்த நெற்றுகள் படபடவென்று வெடித்தன. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்தது. இன்னும் கொஞ்சம் கேட்போமே என்று கைப்பிடியை முறுக்கினேன். பிறகு வானம் பக்கவாட்டில் வந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்குப் போகும் சாலையில், தை மாதம் தார் கண்ணுக்குத் தெரியாது. பிடுங்கிய உளுந்தஞ்செடியைச் சாலையின் பாதியில் பரப்பியிருப்பார்கள். பேருந்தும் லாரியும் பைக்கும் ஏறிப் போய் அடித்துக் கொடுக்கும். ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். தலையில் துண்டு போட்ட பெண்கள் கையை ஆட்டுவார்கள்: மேலே ஏற்றிப் போ. காலியாக இருக்கும் மறுபாதியில் ஒதுங்கிப் போகிறவன் அவர்கள் கணக்கில் ஆகாதவன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற சொந்தக்காரன் மாதிரி.

இருபத்திரண்டு வருடமாக நான் ஒதுங்கியதில்லை. கால்நடை ஆய்வாளர் வேலை எனக்கு. மாட்டுக்குச் சினை ஊசி போடுவது, ஆட்டுக்குத் தடுப்பூசி போடுவது. ஊரில் மாட்டு டாக்டர் என்பார்கள். டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். வீட்டில் உட்காரத் தெரியாத உடம்பு இது. மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டை அடைத்து, வண்டியை நடுக்காட்டில் நிறுத்திவிடும். குச்சியால் நோண்டி நோண்டி நகர்ந்திருக்கிறேன். லாரி காற்று என்னைச் சாலையை விட்டுத் தள்ளியிருக்கிறது. குறுக்கே பாய்ந்த செம்மறிக்கிடாயின் கொம்பு என் முழங்காலை உரசிப் போயிருக்கிறது. ஒருமுறை ஓட்டப்பிடாரம் விலக்கில் பிரேக் கம்பி அறுந்து, ஒரு வைக்கோல் படப்புக்குள் போய் நின்றேன், பூச்சிகூடக் கடிக்கவில்லை. விழுந்ததே இல்லை. அந்தப் பெருமையோடுதான் அன்று காலையிலும் காலியான பாதியை விட்டுவிட்டு, மரியாதையாக, உளுந்தின் மேல் ஏற்றினேன்.

அந்தச் செடிக்கு அடியில் முந்தின நாளே உதிர்ந்த உளுந்து கிடந்தது. சைக்கிள் சக்கரத்துக்குள் இருக்கும் பால்ரஸ் குண்டுகள் மேல் ஓட்டுவதைப் போல. சக்கரம் வழுக்கியது, வண்டி சாய்ந்தது, என் வலது கால் வண்டிக்கும் ஓரத்துக் கல்லுக்கும் நடுவில் போனது. ஹெல்மெட் தாரில் உரசிய கீறல் இன்னும் இருக்கிறது. ஹெல்மெட் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை.

பின்னால் கட்டியிருந்த கேன் உருண்டு மூடி திறந்துகொண்டது. சினை ஊசிக் குச்சிகளைப் பனிக்கட்டியைவிடக் குளிரில் வைத்திருக்கும் திரவம் அதில் இருக்கும். வெள்ளைப் புகை கறுப்பு மண்ணின் மேல் முழங்கால் உயரத்துக்குப் பரவியது. "வண்டி எரியுது, வண்டி எரியுது!" என்று பெண்கள் ஓடினார்கள். ஒருத்தி மட்டும் புகைக்குள் நடந்து வந்தாள்.

சண்முகத்தாய். உளுந்துக்குச் சொந்தக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்றாலும் என்னை அண்ணாச்சி என்பாள். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய வெள்ளாட்டின் முன்னங்கால் ஒடிந்தபோது பார்த்துவிட்டு, "இது தேறாது, வித்துருங்க" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்.

என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து, எலும்பு வெள்ளையாக, பனங்கிழங்கின் முனை மாதிரி வெளியே எட்டிப் பார்த்தது. பாதம் எனக்குச் சம்பந்தமில்லாத திசையில் திரும்பியிருந்தது. யாரோ காப்பித்தூளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"ஏட்டி, அத அங்கனயே கொண்டு போ! புண்ணுல ஒண்ணையும் அப்பக் கூடாது." தன் குடிதண்ணீர்க் குடத்தை எடுத்து முழுவதையும் காயத்தில் ஊற்றினாள். உளுந்துத் தொலியும் மண்ணும் கழுவிக்கொண்டு ஓடின. துவைத்த துண்டு ஒன்றை மேலே போட்டாள். பக்கத்துப் புஞ்சையிலிருந்து இரண்டு கை பருத்திமார் கொண்டுவரச் சொன்னாள். பருத்தி எடுத்து முடித்தபின் காய்ந்து நிற்கும் செடித்தண்டுதான் பருத்திமார், அடுப்பெரிக்க வைத்திருப்பார்கள். அதைக் காலின் இரண்டு பக்கமும் அணைத்து, தலைத்துண்டைக் கிழித்து, தொடையிலிருந்து குதிகால் வரை ஐந்து இடத்தில் கட்டினாள். காலை இழுக்கவில்லை. நிமிர்த்தவில்லை. கிடந்தபடியே கட்டினாள்.

"வலிக்குதா அண்ணாச்சி?"

"வலிக்குது."

"வலிச்சா நல்லதுதான். எங்க ஆடும் கத்துச்சு."

நூற்றெட்டு வண்டி வரும்வரை என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எதிரே வருகிற பைக்குகளை எல்லாம் திட்டி ஒதுக்கிவிட்டாள்: "ஏலே, ஓரமாப் போ! உளுந்து மேல ஏத்துன, மண்டைய ஒடைச்சிருவேன்." அந்தச் சாலையில் அந்த வாக்கியத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் என் கால் ஒரு கேள்வியாகிவிட்டது. எலும்பு டாக்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மெதுவாகப் பேசுகிறவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முன்னெலும்பு மூன்று துண்டு. "இது திறந்த முறிவு சார். எலும்பு வெளிய வந்து காத்தையும் மண்ணையும் பாத்திருச்சு. ஒடிஞ்சது ஒட்டிரும், அதுல எனக்குப் பயமில்ல. உள்ள போன கிருமியும் நசுங்குன சதையும்தான்."

பேனா போன்ற ஒரு கருவியைக் கணுக்காலில் வைத்தார். டாப்ளர் என்றார். ரத்தம் ஓடுகிற ஓட்டத்தைச் சத்தமாக மாற்றித் தரும் கருவி. முதலில் காற்று இரைச்சல் போல ஒன்றுமில்லை. அவர் பேனாவை ஒரு நூல் நகர்த்தினார். உஷ்... உஷ்... உஷ்... தூரத்தில் யாரோ சோளம் புடைக்கிற மாதிரி. நாற்பத்தெட்டு வருடம் என் காலுக்குள் ஓடிக்கொண்டிருந்ததை அன்றுதான் கேட்டேன்.

"ஓடுது. ஆனா மெல்ல ஓடுது." பிறகு என் மனைவி கோமதியையும் கிட்டே கூப்பிட்டு இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். "இன்னைக்குக் கழுவி, வெளிய கம்பி வச்சு நிறுத்திருவோம். நாளை மறுநாள் திரும்பத் திறந்து பாப்போம். சதை செவப்பா இருந்து, தொட்டா துடிச்சா, கால வச்சுக்கலாம். கறுத்திருந்தா முழங்காலுக்குக் கீழ எடுத்துத்தான் உயிரக் காப்பாத்தணும். இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது."

நான் எத்தனை தொழுவத்தில் நின்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கிறேன். தேறாது. சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு அடுத்த ஊர் போயிருக்கிறேன். இந்த மனிதர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இரண்டு நாள் தள்ளி வைத்தார். அந்த இரண்டு நாளை எப்படிக் கடப்பது என்று அவரும் சொல்லவில்லை.

முதல் அறுவை முடிந்து கண் விழித்தபோது காலுக்கு வெளியே நான்கு கம்பிகள் தோலைத் துளைத்து நின்றன. அவற்றை ஒரு நீளத் தண்டு இணைத்திருந்தது. உள்ளே கட்டுப்போட முடியாத எலும்பை வெளியிலிருந்து பிடித்து நிறுத்தும் சட்டம். வண்டிக்கு ஸ்டாண்டு போட்ட மாதிரி இருந்தது. டாக்டர் சொன்னார், "கட்டைவிரல மேல தூக்குங்க."

தூக்கினேன். அதாவது தூக்குவதாக நினைத்தேன். விரல் கிடந்தபடி கிடந்தது. அவர் அதை எழுதிக்கொண்டார்.

எங்கள் வார்டில் பாதிப் பேர் பைக்கிலிருந்து வந்தவர்கள். இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி பெயரோ ஊரோ அல்ல. எங்கன விழுந்தீரு? ஒருவர் சைடு ஸ்டாண்டை எடுக்காமல் வளைவில் சாய்ந்தவர். அதை யாரிடமும் சொல்லாமல் நாய் குறுக்கே வந்தது என்று சாதித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் அய்யாத்துரை அண்ணாச்சி. பைக்கில் எவர்சில்வர் பாத்திரம் கட்டி ஊர் ஊராக விற்பவர். தோள்பட்டையும் மூன்று விலாவும் போயிருந்தன.

"நாகலாபுரம் ரோட்டுல மயிலு வந்து விழுந்துச்சுவே," என்றார். "நடந்து வந்தா பிரேக்கடிக்கலாம். அது பறந்து வருது, தோகையோட. மூஞ்சில போர்வையப் போத்துன மாதிரி. அண்டா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மயிலு எந்திரிச்சு ஒதறிட்டுப் போயிருச்சு. நீரு எப்படி?"

"உளுந்துல வழுக்கி."

சிரிக்கக் கூடாது என்று விலாவை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். முடியவில்லை. "வெளிய சொல்லிராதீரும்வே. வடைக்கு ஆசப்பட்டு விழுந்தாம்னுவானுவ. நம்ம மயிலையே ஆளுக்குப் பாதியா வச்சுக்கிடுவோம்."

கோமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள். பெரிய சாலைக்கு அவளை நான் அனுப்பியதில்லை. பயப்படுவாள் என்று நானே முடிவு செய்திருந்தேன். முந்தின ராத்திரி பஸ்ஸில் வீட்டுக்குப் போனவள், இரண்டாம் நாள் காலையில் வார்டு வாசலில் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் தூசி. தூக்குச்சட்டியில் கஞ்சி.

"பஸ்ஸுலயா வந்த?"

"ஓட்டிட்டு வந்தேன்."

"லாரி வருமே."

"வந்துச்சு. நானும் வந்தேன்."

கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள், "உளுந்தக் கண்டா ஒதுங்கித்தான் வந்தேன். எல்லாரும் மொறைக்காவ. மொறைக்கட்டும்." அன்றிலிருந்து பத்தொன்பது நாள், போக வர, ஒரு நாள் விடாமல் ஓட்டினாள். நான் இருபத்திரண்டு வருடத்தில் சேர்த்த பெருமையை அவள் ஒரே நாளில் முந்திவிட்டாள். எனக்கு அதில் வருத்தமில்லை. வார்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

அன்று மத்தியானமே சண்முகத்தாய் வந்தாள். கையில் ஒரு மஞ்சப்பை. கோமதி எழுந்து நின்றாள்.

"ரோட்டுல காயப்போட்டு மனுசன் கால ஒடிச்சுட்டு, பாக்க வேற வந்தாச்சாக்கும்?"

"நான் என்ன செய்யட்டும் தாயி? களம் கெடந்தா களத்துல போட மாட்டனா? காலங்காலமா அங்கனதான போடுதோம்."

"மேல ஏத்தச் சொல்லிக் கையக் காட்டுனீங்களா இல்லையா?"

"காட்டுனேன்." சண்முகத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"அவ காட்டாட்டியும் நான் ஏத்தியிருப்பேன்" என்றேன். இரண்டு பேரும் நான் சொன்னதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் டாக்டர் வந்தார். சட்டத்தின் கம்பிகளைப் பார்த்துவிட்டு, திடீரென்று நினைவு வந்தவராய்க் கேட்டார், "நேத்து கால்ல குச்சி கட்டி அனுப்புனாங்களே, யார் கட்டுனது? நர்ஸா?"

சண்முகத்தாய் பயந்துவிட்டாள். "நாந்தான்யா. தப்பா இருந்தா மன்னிச்சுக்கிடுங்க. ஆட்டுக்குக் கட்டுன பழக்கத்துல..."

"எந்த ஆட்டுக்கு?"

"இவிய தேறாதுன்ன ஆடு." என்னைக் கையால் காட்டினாள். "நான் பருத்திமார் வச்சுக் கட்டுனேன். நாப்பது நாளுல நடந்துச்சு. போன வருசம் ரெண்டு குட்டி."

அய்யாத்துரை அண்ணாச்சி விலாவைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அம்மா, வழியெல்லாம் எலும்பு ஆடியிருந்தா கூர்முனை ரத்தக்குழாய அறுத்திருக்கும். இன்னைக்கு நான் பாக்க இந்தக் காலே இருந்திருக்காது. தண்ணி ஊத்துனதும் நீங்களா?"

"குடிக்க வச்சிருந்த தண்ணிய்யா."

"மண்ணுல பாதி அங்கயே போயிருச்சு. எனக்கு வேலையக் கொறச்சிருக்கீங்க." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கோமதி முக்காலியைக் காலால் நகர்த்தி, "உக்காருங்க அக்கா" என்றாள். மஞ்சப்பையை வாங்கிப் பார்த்தாள். உளுந்து. அதே உளுந்து.

"களி கிண்டிக் குடு தாயி," என்றாள் சண்முகத்தாய். "எலும்புக்கு நல்லது. அவிய வண்டி ஒடச்ச உளுந்துதான், அவியளே திங்கட்டும்."

மறுநாள் காலை மேஜையில் கிடத்தினார்கள். முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதில்லை, காது மட்டும் என்னுடையது. மார்பின் குறுக்கே பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் என் கால் தன் வழக்கை நடத்திக்கொண்டிருந்தது. கட்டை அவிழ்க்கிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். பாத்திரத்தில் எதையோ வெட்டிப் போடுகிற சத்தம். ஒவ்வொரு முறை அது விழும்போதும் எவ்வளவு போகிறது என்று காதால் எடை போட்டேன். பிறகு யாரும் பேசவில்லை. தொழுவத்தில் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்ற மனிதர்களை எல்லாம் அந்த மௌனத்தில் பார்த்தேன். கயிற்றைப் பிடித்தபடி. சண்முகத்தாய் ஆட்டைத் தோளில் போட்டபடி.

"இங்க தொடுங்க," என்று டாக்டர் யாரிடமோ சொன்னார். "பாருங்க. துடிக்குது."

துணிக்கு மேலே அவர் தலை எட்டிப் பார்த்தது. "கொஞ்சம் போச்சு சார். மிச்சம் நல்ல சதை. ரத்தம் கசியுது. கால் உங்ககிட்டதான் இருக்கும்."

நான் அழுதேன் என்று நர்ஸ் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை. நினைவிருப்பது அந்த ஒரு சொல். துடிக்குது. கரிசலில் பிறந்த சதை, இரும்பு தொட்டதும் தன் பெயரைக் கேட்டதுபோலத் திரும்பியிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பொறுமையின் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்னும் இரண்டு முறை கழுவினார்கள். மூடாத புண்ணுக்குத் தொடையிலிருந்து மெல்லிய தோலை வழித்து எடுத்து ஒட்டினார்கள். புண்ணைவிடத் தோல் எடுத்த இடம்தான் எரிந்தது. இனி அந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்து போகட்டும். கம்பி நுழைந்த துளைகளைத் தினமும் உப்புத்தண்ணீரில் துடைக்கக் கோமதி கற்றுக்கொண்டாள்.

விரல்தான் பாக்கி. தினமும் டாக்டர் கேட்பார், நான் தூக்குவேன், அது கிடக்கும். நரம்பு அதிர்ச்சியில் இருக்கிறது, வரலாம், வராமலும் போகலாம் என்றார். பாதம் மேலே எழாவிட்டால் நடக்கும்போது தொங்கும். அந்தக் காலை நம்பி வண்டியின் பிரேக்கை மிதிக்க முடியாது. கால் கிடைத்த பிறகும் எனக்குக் கால் வேண்டியிருந்தது.

பதினோராம் நாள் காலை. கோமதி களிக் கிண்ணத்தை வைத்துவிட்டு டாக்டர் மாதிரியே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"தூக்குங்க."

"தூக்குதேன்."

"எங்க தூக்குதீங்க? மூஞ்சிதான் தூக்குது."

"அது வரலடி."

"வரலன்னா விட்டுருவீங்களா? அன்னைக்கு ரோட்டுல அவ்ளோ வேகமா முறுக்கத் தெரிஞ்சுதுல்லா?"

கோபம் வந்தது. நிஜக் கோபம். அந்தக் கோபத்தில் கட்டைவிரல் ஒரு நெல்மணி உயரம் எழுந்து விழுந்தது.

அவள் கண் விரிந்தது. குனிந்து பாதத்துக்கு நேராக முகத்தை வைத்தாள். "இன்னொருக்க."

எழுந்தது. அய்யாத்துரை அண்ணாச்சி எட்டிப் பார்த்து, நல்ல கையால் தன் தட்டை எடுத்துக் கட்டில் கம்பியில் ஓங்கி அடித்தார். பாத்திரக்காரர், எந்த இடத்தில் அடித்தால் நன்றாகக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். வார்டே எழுந்து பார்த்தது. சைடு ஸ்டாண்டுக்காரர் அந்த மகிழ்ச்சியில் உண்மையை ஒப்புக்கொண்டார்.

சட்டத்தைக் கழற்ற ஐந்து மாதம். கோலோடு மூன்று மாதம். கோல் இல்லாமல், கொஞ்சம் சாய்ந்து, இப்போது. சாய்வு போகாது என்றார் டாக்டர். இருக்கட்டும். நான் நடப்பதைத் தூரத்திலிருந்தே ஊர் அடையாளம் காண்கிறது.

தேறாது என்ற வார்த்தையை நான் இப்போது சொல்வதில்லை. இரண்டு நாள் கழித்து வந்து பார்க்கிறேன் என்கிறேன். வந்தும் பார்க்கிறேன்.

இந்தத் தை மாதம் வண்டியை வெளியே எடுத்தேன். பழைய வண்டி, உதைத்துத்தான் கிளம்பும், அதுவும் வலது காலால். மூன்றாவது உதையில் கிளம்பியது. கோமதி ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தாள். காவலுக்கு அல்ல, கோவில்பட்டியில் தனக்கு வேலை இருக்கிறதாம். அந்த இடம் வந்தது. உளுந்து பரப்பியிருந்தது. அதே பாதி. கற்களும் அப்படியே. சண்முகத்தாய் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் மறுபக்கம் ஆட்டினாள்: ஓரமாப் போங்க, ஓரமாப் போங்க.

நான் ஒதுங்கினேன். இருபத்துமூன்று வருடத்தில் முதல்முறை. ஒதுங்கி, வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டேன். செருப்பைக் கழற்றினேன். வலது காலை எடுத்து உளுந்தஞ்செடியின் மேல் வைத்தேன்.

வெயிலில் காய்ந்த நெற்று உள்ளங்காலுக்கு அடியில் படக்கென்று வெடித்தது. ஒன்று. இன்னொன்று. வெட்டி எறிந்திருந்தால் எங்கோ குழியில் கிடந்திருக்கும் பாதம், ஒவ்வொரு மணியாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது: சூடு, குத்துது, உருளுது. நான் சாய்ந்து சாய்ந்து நடந்தேன். அந்தக் கடைசி வரை போய்த் திரும்பி வந்தேன்.

சண்முகத்தாய் தலைத்துண்டை அவிழ்த்து உதறிச் சிரித்தாள்.

"ஏட்டி கோமதி, இங்கன பாரு! மாட்டு டாக்டரு மாடாட்டம்லா மிதிக்காரு!"

நான் நிற்கவில்லை. இன்னொரு சுற்றுப் போனேன்.